முகமூடி போடாத காமிக்ஸ் ஏன் பழசாவதில்லை?

மைக்கூடு:
வீடு மாறுகிறேன். புது வீட்டில் அலமாரி சின்னது. காமிக்ஸுக்கு இரண்டு அட்டைப்பெட்டி, மீதியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். இது இருக்கட்டும், இது போகட்டும் என்று இரண்டு பக்கமும் அடுக்கிக்கொண்டே வந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் 'போகட்டும்' குவியலில் ஏறக்குறைய எல்லாமே சூப்பர் ஹீரோ. 'இருக்கட்டும்' குவியலில் மருந்துக்குக்கூட ஒரு முகமூடி இல்லை. திட்டம் போட்டுச் செய்ததில்லை.

சண்டைக்கு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்பைடர்மேன் படித்து வளர்ந்தவன்தான். இப்போது புரட்டினாலும் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. ஆனால் உட்கார்ந்து இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. 'திபெத்தில் டின்டின்' எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

என் கணக்கு இது: சூப்பர் ஹீரோ கதை முடிவதே இல்லை. 1992இல் சூப்பர்மேனைச் சாகடித்தார்கள், செய்தித்தாள் வரை வந்தது, அடுத்த வருஷமே எழுந்து வந்துவிட்டார். செத்தவர் திரும்பி வருவார் என்று தெரிந்த பிறகு எந்தச் சாவுக்கு நான் கலங்குவது? மற்ற காமிக்ஸுக்கு ஒரு முடிவு உண்டு. அதனால்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ராக்கோழி:
தலைவரே, ராத்திரி பதினொரு மணிக்கு எடுக்குற முடிவெல்லாம் காலைல ஒரு தடவை திரும்பப் பார்க்கணும் :)

முடிவு இருந்தா நிக்கும்னா 'வாட்ச்மென்' எங்க போச்சு? 12 இதழ், 1986ல ஆரம்பிச்சு 87ல முடிஞ்சது. முகமூடியும் இருக்கு, முடிவும் இருக்கு. அதை எந்தக் குவியல்ல போட்டீங்க?

அடுத்தது, நீங்க சொன்ன டின்டினையே எடுத்துக்குவோம். 1929ல வந்த பையன். அவனை வரைஞ்ச ஹெர்ஜே 1983ல சாகுற வரைக்கும் அவனுக்கு ஒரு மீசை முளைக்கல. சார்லி பிரவுன் 50 வருஷமா அதே சட்டை, அதே பட்டம், அதே மரம். இதுல எங்க இருக்கு முடிவு?

மைக்கூடு:
வாட்ச்மென் 'இருக்கட்டும்' பக்கம்தான். சரி, ஒரு முகமூடி இருக்கிறது. திருத்திக்கொள்கிறேன்.

தாள்வாசி:
சார்லி பிரவுன் வருகிற 'பீநட்ஸ்' செய்தித்தாள் தொடர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராக்கோழி அதை மைக்கூடுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார். எனக்கு அது மைக்கூடு பக்கம் நிற்பதாகப் படுகிறது.

சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபர் 2இல் தொடங்கினார். மொத்தம் 17,897 துண்டுப் படக்கதைகள். பென்சில், மை, எழுத்து எல்லாம் அவரே. படம் வரைய உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் 2000 பிப்ரவரி 13இல் அச்சில் வந்தது. அவர் இறந்தது முந்தின நாள் இரவு.

இதெல்லாம் எங்கும் கிடைக்கிற தகவல். நான் சொல்ல வந்தது வேறு. அறுபதுகளின் தொகுப்பு ஒன்றையும் தொண்ணூறுகளின் தொகுப்பு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். கதையைப் படிக்க வேண்டாம், சார்லி பிரவுனின் தலையைச் சுற்றிப் போகிற கோட்டை மட்டும் பாருங்கள். முதலாவதில் அது ஒரே இழுப்பு. பேனா தாளைத் தொட்டது, வளைந்தது, எடுத்தது. இரண்டாவதில் அதே வட்டம் நடுங்குகிறது. ஓரத்தில் சின்னச் சின்ன அலை. அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அதை மறைக்க வேறு ஆளை வைத்து வரையவில்லை, நடுங்குகிற கையோடு தினம் வரைந்தார். மழையும் புல்லும் வரைகிற இடத்தில் அந்த நடுக்கம் அழகாகக்கூட இருக்கிறது.

சார்லி பிரவுனுக்கு வயதாகவில்லை. கோட்டுக்கு வயதாகிவிட்டது. தனக்குப் பிறகு அந்தச் செய்தித்தாள் தொடரை வேறு யாரும் வரையக் கூடாது என்றார், குடும்பமும் அதைக் காப்பாற்றியது.

ராக்கோழி:
இது நல்லா இருக்கு. உண்மையிலேயே. போய் விரிச்சுப் பார்த்தேன், மழை சொன்னீங்களே, ஆமா.

ஆனா விட மாட்டேன். ஒரே கை, ஒரே பேனா, அவரோட முடிஞ்சதுன்னா நிக்கும்னு புதுக் கணக்கு போட்டா, அப்புறம் நம்ம இரவுக் கழுகாரை, அதான் இத்தாலிய கௌபாய் டெக்ஸ் வில்லரை, என்ன பண்றது? 1948ல இருந்து வர்றார். பொனெல்லி எழுத, கலெப்பினி வரைஞ்சு ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் எத்தனை எழுத்தாளர், எத்தனை ஓவியர்! கூட்டாளி கார்சன் இன்னும் அதே புலம்பல்தான். அஸ்டெரிக்ஸ்? எழுதின கோஸினி 1977ல போயிட்டார், வரைஞ்ச உடெர்ஸோ தனியா இழுத்தார், இப்ப வேற ஆளுங்க. அந்த ரெண்டையும் தூக்கிப் போடுவீங்களா?

மைக்கூடு:
டெக்ஸ் முதல் பெட்டியில், அடியில், பத்திரமாக. அது விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

ராக்கோழி:
அப்ப உங்களுக்கே காரணம் தெரியாதுன்னு ஒத்துக்குங்க, முடிச்சுக்கலாம்.

கட்டக்காரன்:
தொழிலே படம் வரைவது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியே ஒரே ஒரு நாட்டிலிருந்து வந்த கேள்வி. காமிக்ஸ் என்றாலே சூப்பர் ஹீரோ, மற்றதெல்லாம் 'அது அல்லாதது' என்று பெயர் வைக்கிற பழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கேயும் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் முகமூடிக்காரர்களின் விற்பனை சரிந்தது. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947இல் என்ன செய்தார்கள் தெரியுமா? 'யங் ரொமான்ஸ்' என்று காதல் காமிக்ஸ் தொடங்கினார்கள். பிரமாதமாக ஓடியது. குற்றம், திகில், போர், கௌபாய், காதல், நகைச்சுவை என்று கடை முழுக்க விதவிதமாக இருந்த காலம் அது.

1954இல் வந்தது வெட்டு. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு மனநல மருத்துவர் புத்தகம் எழுதினார், செனட் விசாரணை நடந்தது, பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறை எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'திகில்' என்ற சொல் வரக் கூடாது. 'குற்றம்' என்ற சொல்லை அட்டையில் மற்ற சொற்களைவிடப் பெரிதாக அச்சிடக் கூடாது. இப்படிப் போகிறது. விதிமுறைப்படி வந்தது என்ற முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர்கள் எடுக்கவில்லை. பெரியவர்களுக்கான கதைகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. 1956இல் ஃப்ளாஷ் என்ற சூப்பர் ஹீரோ புது உடையில் வந்தபோது எதிரில் ஆளே இல்லாத மைதானம். சூப்பர் ஹீரோ ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், மற்ற ஓட்டக்காரர்களின் காலை முதலில் கட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் சட்டதிட்டங்கள் இருந்தன, ஆனால் வகைகள் சாகவில்லை. ஜப்பானில் 1957இலேயே தட்சுமி என்ற ஓவியர் தன் கதைகளுக்கு 'கெகிகா' என்று தனிப் பெயர் வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு வரைய ஆரம்பித்துவிட்டார்.

அந்த வெட்டுக்கு நடுவில் வந்த ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1955இல் 'மாஸ்டர் ரேஸ்', பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் வரைந்தது. அவருக்குக் கொடுத்தது ஆறு பக்கம். எட்டு கேட்டு வாங்கினார். சுரங்க ரயிலில் ஒருவன் ஏறுகிறான், எதிரில் உட்காரும் ஆளைப் பார்த்துப் பதறுகிறான். வதைமுகாம் நினைவுகள் வருகின்றன. இவன் கைதியாக இருந்தவன் என்று நாம் இரக்கப்பட்டுக்கொண்டே வருகிறோம். கடைசியில்தான் தெரிகிறது, இவன் அந்த முகாமின் தளபதி. ஓடுகிறான், தண்டவாளத்தில் விழுகிறான். அந்த விழுதலை கிரிக்ஸ்டைன் ஒரு பெரிய கட்டத்தில் போட்டு மிரட்டவில்லை. ரிப்பன் கிழித்ததுபோல ஒல்லி ஒல்லியான கட்டங்கள். ஒவ்வொன்றிலும் உடல் ஒரு விரற்கடை இறங்குகிறது. பிறகு ரயில் கடக்கிறது, ஜன்னலில் தெரிகிற பயணியின் முகம் இரண்டாக, மூன்றாக இழுபடுகிறது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் அந்தப் பக்கத்தை டிரேசிங் தாள் வைத்து நகலெடுத்துப் பார்த்தேன். கட்டத்தின் அகலத்தை இரண்டு மில்லிமீட்டர் கூட்டினாலே அந்த வேகம் போய்விடுகிறது.

செவ்வந்தி:
கட்டக்காரன் அண்ணே, பாடம் மாதிரி இருக்கு, ஆனா பின்பெஞ்சுலயும் யாரும் தூங்கல.

தலைப்புல 'முகமூடி போடாத'ன்னு இருக்கே, 'மவுஸ்'ல முகமூடி உண்டு! நாஜி வதைமுகாம்ல இருந்து பிழைச்ச அப்பாவோட கதையை, யூதர்களை எலியா வரைஞ்சு மகன் சொன்ன புத்தகம் அது. ரெண்டாவது பாகத்துல ஆர்ட் ஸ்பீகல்மேன் தன்னையே வரைஞ்சிருப்பார். மேசை முன்னாடி உட்கார்ந்திருப்பார், முகத்துல எலி முகமூடி, பின்னாடி கட்டின கயிறு தெரியும். மேசைக்குக் கீழ பிணக் குவியல். முதல் புத்தகம் நல்லா வித்துடுச்சு, பேட்டி எடுக்க ஆள் வருது, மனுஷன் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கார். எந்த சூப்பர் ஹீரோவோட முகமூடியும் என்னை இந்த அளவுக்குத் தொந்தரவு பண்ணினதில்லை.

ஆனா நான் திரும்பத் திரும்பப் போறது அந்தப் பக்கத்துக்கு இல்ல. அப்பாவும் மகனும் ரோட்டுல நடந்துபோவாங்க. பேச்சு எதைப் பத்தியோ. நடுவுல அப்பா விளாதெக் குனிஞ்சு கீழ கிடக்குற டெலிபோன் வயர் துண்டை எடுத்துக்குவார். உள்ள சின்னக் கம்பி இருக்கும், எதையாவது கட்ட உதவும், கடைல கிடைக்காதுன்னு சொல்வார். மகனுக்கு எரிச்சல். அவ்வளவுதான் காட்சி.

இருபது வயசுல படிச்சப்ப நான் மகன் பக்கம். எங்க அப்பாவும் அப்படித்தான். உடைஞ்ச குடைக் கம்பி, தீர்ந்த பேனா, ஒத்தைச் செருப்பு, எதையும் வீச விடமாட்டார். போன வருஷம் திரும்பப் படிச்சேன். எரிச்சலே வரல. ஒரு மனுஷன் ஒரு காலத்துல கம்பித் துண்டுக்கும் ரொட்டித் துண்டுக்கும் என்ன மதிப்புன்னு கத்துக்கிட்டான், அந்தப் படிப்பை மறக்க அவனால முடியல, அவ்வளவுதான்னு தோணுச்சு. புத்தகம் மாறல. நான்தான் பக்கம் மாறிட்டேன்.

ராக்கோழி:
செவ்வந்தி அக்கா, எழுதினது மனசுல நிக்குது. அதனால கொஞ்சம் தயங்கித்தான் கேக்குறேன். பெரிய துயரம் இருந்தா பெரிய புத்தகம் ஆயிடுமா? 1992ல புலிட்சர் சிறப்பு விருது மவுஸுக்குக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் 'என் கஷ்டம், என் குடும்பம், கறுப்பு வெள்ளைல'ன்னு எத்தனை தடியான புத்தகம் வந்துடுச்சு! பாதியைப் படிக்க முடியல. சோகமா மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பார்த்து நிக்கும் ஒரு பாத்திரம், அதே மாதிரி ஆறு கட்டம். அதைவிட பேட்மேன் எவ்வளவோ தேவலை. முகமூடி இல்லைன்றது மட்டும் ஒரு தகுதியா?

மைக்கூடு:
இது நியாயமான அடி. என் 'போகட்டும்' குவியலில் அந்த ஜன்னல் ஆசாமிகள் நாலைந்து பேர் இருந்ததை மறைத்துவிட்டேன்.

செவ்வந்தி:
பாதி ஒத்துக்கிறேன். விஷயம் பெருசுன்றதால மட்டும் எதுவும் நிக்காது. ஆனா 'பேர்ஃபுட் கென்' படிச்சிருக்கீங்களா? நாகரிகமா ஜன்னலைப் பார்க்குற கதை இல்ல அது. நகாசாவா கெய்ஜி 1973ல சிறுவர் வார இதழ்ல தொடரா ஆரம்பிச்சது. படம் முரட்டுத்தனமா இருக்கும். பசங்க குத்துச்சண்டை போடுவாங்க, பல்லு பறக்கும், குட்டிக்கரணம் அடிப்பாங்க, கத்திப் பாடுவாங்க. அதே பாணில, அதே உருண்டைக் கண்ணோட, ஹிரோஷிமா எரியுது. கலை ரசனையோட வரைஞ்சிருந்தா நாம 'அடடா'ன்னு பார்த்துட்டுப் போயிடுவோம். இதுல அது முடியாது.

குண்டு விழுந்தப்ப நகாசாவாவுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூட வாசல்ல ஒரு சுவர் மறைச்சதால உயிர் பிழைச்சார். அப்பா, அக்கா, தம்பி போயிட்டாங்க. அம்மா பிழைச்சாங்க. பல வருஷம் கழிச்சு அம்மாவும் இறந்து தகனம் பண்ணினப்ப, சாம்பல்ல எடுக்க எலும்பே மிஞ்சலயாம். கதிர்வீச்சு எலும்பைக்கூட விட்டுவைக்கலைன்னு கோபம் வந்து, அந்தக் கோபத்துலதான் அணுகுண்டைப் பத்தி வரையவே ஆரம்பிச்சேன்னு சொல்லியிருக்கார். அந்தக் கோபம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சில இடத்துல பிரசங்கமாவும் தெரியும், அது குறைதான்.

தாள்வாசி:
துயரமே இல்லாத ஒன்றையும் வைத்துப் பார்க்கலாம். தனிகுச்சி ஜிரோவின் 'நடக்கும் மனிதன்'. ஒருவர் நடக்கிறார். மழை பெய்கிறது, நனைகிறார். ஒரு ராத்திரி, மூடிக் கிடக்கிற நீச்சல் குளத்துக்குள் வேலி ஏறிக் குதித்து நீந்துகிறார். பேச்சு அநேகமாக இல்லை. முதல் முறை இருபது நிமிஷத்தில் முடித்து 'இதில் என்ன இருக்கிறது' என்று வைத்துவிட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு புத்தகம் கைக்கெட்டாமல் மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு இலையும் வரைந்திருக்கிறார், ஒவ்வொரு ஓடும். வேகமாகப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது, அவர் நடக்கிற வேகத்துக்கு நம் கண் இறங்கி வர வேண்டும்.

ராக்கோழி:
காய்ச்சல் வந்தா சொல்றேன்.

கட்டக்காரன்:
பேச்சு பற்றி வந்ததால் இன்னொன்று. பேச்சு பலூன் என்பது நமக்கு வெறும் வெள்ளை முட்டை. நல்லவன் வாயிலும் அதே முட்டை, வில்லன் வாயிலும் அதே முட்டை. 2011இல் வந்த 'பீமாயனா'வைப் பாருங்கள். அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு பழங்குடி ஓவிய முறையில் வரைந்தது. கட்டம் கட்டி வரைய அவர்களுக்கு இஷ்டமில்லை, ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்றார்கள். அதனால் பக்கம் முழுவதும் கோலம்போல வளைந்து ஓடுகிறது. இதமாகப் பேசுகிறவர்களின் பலூன் பறவை வடிவம். விஷம் கக்குகிறவர்களின் பலூனுக்குத் தேள் கொடுக்கு. மனத்துக்குள் நினைப்பதற்கு ஒரு கண். தண்ணீர் கேட்டு அலைகிற சிறுவனிடம் பேசுகிறவர்களின் வார்த்தை தேள் கொடுக்கோடு வந்து நிற்கும்போது, எழுத்தைப் படிக்கும் முன்பே கண் அதைப் புரிந்துகொள்கிறது. இவ்வளவு வருஷம் பலூன் வரைந்தவன் நான், எனக்கு இது தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

குழலூதி:
புது உறுப்பினர், வணக்கம். காமிக்ஸ் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது. எழுத்தே இல்லாத படக்கதை பற்றி ஒரு அனுபவம், சொல்லலாமா?

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கேட்டால் புரியும், சொல் வராது, வாசிக்கவும் முடியாது. தினம் இரண்டு செய்தித்தாள் படித்தவர். தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், அதைப் பார்க்கச் சகிக்காது. என் மகள், ஒன்பது வயது, அவள் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். ஷான் டான் வரைந்த 'தி அரைவல்'. ஒருவன் குடும்பத்தை விட்டு வேற்று நாட்டுக்குப் பிழைக்கப் போகிற கதை. 128 பக்கம், ஒரு வரி கிடையாது. அந்த நாட்டுப் பலகைகளில் எழுத்து உண்டு, ஆனால் அது ஓவியரே கற்பனை செய்த எழுத்து. உலகத்தில் யாருக்கும் படிக்க வராது. அந்தப் பாத்திரத்துக்கும் வராது. என் அப்பாவுக்கும் எனக்கும் அந்த இடத்தில் வித்தியாசமில்லை என்று எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

முதல் பக்கத்தில் ஒன்பது சின்னக் கட்டம். காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, பானை, குழந்தை வரைந்த படம், தேநீர்க் கெண்டி, இப்படி வீட்டுச் சாமான்கள். நான் அதைக் கடந்துபோய்விட்டேன். அப்பா மூன்றாவது நாளோ நாலாவது நாளோ என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கடைசிப் பகுதியில் ஒரு பக்கத்தில் விரல். பிறகு ஒரு கொத்தாகத் தாள்களைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்து அங்கே விரல். மறுபடி கடைசி. அங்கேயும் ஒன்பது கட்டம். அதே சாமான்கள், புது நாட்டுச் சாமான்கள். காகிதத்தில் மடித்த உருவம்கூட அந்த நாட்டுப் பிராணியாக மாறியிருக்கிறது. ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார், ஒன்பதையும். நான் 'ஆமாப்பா, ஆமாப்பா' என்றேன். நான் கவனிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தார்.

செவ்வந்தி:
குழலூதி, அப்பா இப்ப எப்படி இருக்கார்?

குழலூதி:
பரவாயில்லை. நாலைந்து சொல் வருகிறது. மகளோடு உட்கார்ந்து படம் பார்க்கிறார். போன வாரம் அவளுடைய லக்கி லூக் கௌபாய் காமிக்ஸ் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார், தர மறுக்கிறார்.

ராக்கோழி:
பழைய பதிப்பா, புதுசா? பழசுல லூக் வாயில சிகரெட் இருக்கும். 1983க்கு அப்புறம் புல்லு. புல்லைக் கடிச்சதுக்கு உலக சுகாதார நிறுவனம் விருதே கொடுத்துச்சு!

குழலூதி:
சிகரெட். அப்பாவுக்கு அதிலும் ஒரு சந்தோஷம் போல.

மைக்கூடு:
நான் ஆரம்பித்த கணக்கு எதுவும் தேறவில்லை. முடிவு என்றேன், டின்டின் உடைத்தது. ஒரே கை என்று தாள்வாசி சொன்னார், டெக்ஸ் உடைத்தது. நேற்று ராத்திரி 'போகட்டும்' குவியலை மறுபடி கலைத்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன். அதில் இருந்தவற்றை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அடுத்து என்ன என்று புரட்டிக்கொண்டே போயிருக்கிறேன். கதையின் தப்பா, என் அவசரமா என்று தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பச் சொல்கிற கதை ஒன்று, பக்கத்தைத் திருப்பாதே என்கிற கதை ஒன்று. வாட்ச்மென் இரண்டாவது வகை, அதனால் அது இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

ராக்கோழி:
பக்கத்தைத் திருப்பச் சொல்றது ஒண்ணும் குத்தமில்ல தலைவரே. பன்னெண்டு வயசுல எனக்கு வேற எதுவும் வேண்டியிருக்கல. இன்னிக்கும் சில நாள் அதுதான் வேணும். அந்தக் குவியலை யாருக்கும் கொடுத்துடாதீங்க, ஸ்பைடர்மேன் எல்லாம் நான் வந்து எடுத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை இருப்பீங்களா?

மைக்கூடு:
இருப்பேன். பெட்டி கிழிந்துவிட்டது, கட்டித்தான் தூக்கவேண்டும். வரும் வழியில் ரோட்டில் ஏதாவது வயர் கிடந்தால் எடுத்துவாருங்கள்.